சித்தப்பா வீட்டு வைஃபையும் சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டும்

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, காலை ஏழு மணிக்குச் சித்தியிடமிருந்து போன். "கண்ணு, கம்ப்யூட்டர்ல ஆறு வைரஸ் இருக்குதாம். செவப்பா வந்து வந்து நிக்குது. ஒரு நம்பர் போட்டிருக்குது, கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சித்தி. எதையும் தொடாதீங்க, நான் கெளம்பி வர்றேன்."

சேலத்திலிருந்து ஏற்காடு பெரிய தூரமில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மார்கழிப் பனியில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. சித்தப்பாவுக்கு அங்கே இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, 2021-இலிருந்து சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததே அந்த அறைகளுக்காகத்தான். அதனால் நான் போனது ஒரு வீட்டின் கம்ப்யூட்டரைப் பார்க்க மட்டுமில்லை, வந்துபோகும் நூறு பேர் நுழையும் ஒரு இணைப்பைப் பார்க்கவும்தான் என்பது போன பிறகுதான் புரிந்தது.

கம்ப்யூட்டர் எழுந்து இரண்டு நிமிடத்தில் திரையின் வலது கீழ் மூலையில் அது வந்து நின்றது. சிவப்புக் கேடயம், பிரபலமான ஓர் ஆன்டிவைரஸின் பெயர், "ஆறு வைரஸ்கள், உடனே சரிசெய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே ஒரு போன் நம்பர். சித்தி பார்த்தது இவ்வளவுதான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொன்றைக் காட்டினேன். தலைப்புக்கு அடியில் மெலிசான சாம்பல் நிற எழுத்தில் 'கூகுள் குரோம்' என்று இருந்தது. அதை ஒட்டி, வாயில் நுழையாத ஒரு தளத்தின் முகவரி. விண்டோஸ் தானாகக் கொடுக்கும் வைரஸ் எச்சரிக்கை 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் வரும். அதில் ஏதோ ஒரு தளத்தின் முகவரி இருக்காது. இது அந்தத் தளம் அனுப்புகிற நோட்டிஃபிகேஷன். செய்தித் தளங்கள் "புதிய செய்தி வந்திருக்கிறது" என்று சொல்லப் பயன்படுத்துகிற அதே வழியில் இந்த ஆட்கள் பொய்யை அனுப்புகிறார்கள். அந்த நம்பரைக் கூப்பிட்டிருந்தால், தூரத்தில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு ஆப்பைப் போடச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு அவர்கள் கண் முன்னால் திறந்து கிடக்கும்.

சரி, அந்தத் தளத்துக்கு யார் அனுமதி கொடுத்தது? சித்தி யோசித்துப் பார்த்துச் சொன்னார். விட்டுப்போன சீரியலைத் தேடினபோது ஒரு பக்கத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று வந்ததாம். "நான் ரோபோ இல்லைதானே, அதான் அமுக்குனேன்."

இதில் சித்தியின் தவறு எதுவும் இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கப் போனாலும் நாம் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். வித்தியாசத்தை மட்டும் கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். உண்மையான சோதனை அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு கட்டமாக இருக்கும். முகவரிப் பட்டைக்கு அடியில் தொங்கிக்கொண்டு 'அலவ்', 'பிளாக்' என்று இரண்டு பொத்தான் காட்டுகிற பெட்டி பிரவுசருடையது. அது ஏதோ ஓர் அனுமதியைக் கேட்கிறது. என்ன அனுமதி என்று அதிலேயே எழுதியிருக்கும்.

குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று உள்ளே போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். சித்தி கணக்கில் பதினொன்று இருந்தன. அவருக்கு அடையாளம் தெரிந்தது ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் வைத்தேன். அப்புறம் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களைப் பார்த்தேன். 'பிடிஎஃப் மாற்றி' என்ற பெயரில் யாருக்கும் நினைவில்லாத ஒன்று உட்கார்ந்து, தேடினால் வேறு ஏதோ தேடுபொறிக்கு இழுத்துக்கொண்டு போனது. அதையும் நீக்கினேன். சந்தேகம் மிச்சம் வைக்கக் கூடாது என்று விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஒருமுறை தானாக அணைந்து எழுந்து, கால் மணி நேரம் ஓடியது. எதுவும் இல்லை. ஆறு வைரஸில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் காப்பி குடித்துக்கொண்டே விருந்தினர் அறைக்குள் நடந்தேன். கட்டில் தலைமாட்டுக்கு மேலே, சுவரில், லேமினேஷன் செய்த ஒரு தாள். வைஃபையின் பெயர், கீழே பாஸ்வேர்டு: ஊர்ப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். "எப்போலேருந்து சித்தப்பா இது?" "கனெக்‌ஷன் குடுத்தவர் போட்டுக் குடுத்ததுப்பா. மாத்தவே இல்ல." போனில் மேப்பைத் திறந்து, சித்தப்பா ஏற்றியிருந்த அறைப் படங்களைப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் கட்டில், போர்வை, அதற்கு மேலே அந்தத் தாள். விரல்களால் பெரிதாக்கினால் எழுத்து ஒவ்வொன்றும் படிக்க முடிகிறது. ஏற்காட்டுக்கு வராமலேயே இந்த வீட்டு வைஃபை பாஸ்வேர்டை யாரும் தெரிந்துகொள்ளலாம்.

அதன்பிறகு அன்றைய நாள் வைஃபை தருகிற பெட்டியான ரவுட்டருக்கே போனது.

ரவுட்டருக்குள் நுழைவது கஷ்டமில்லை. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் போதும், சில பெட்டிகளுக்கு வேறு எண் இருக்கும், அடியில் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. திறந்துகொண்டது. அதாவது, சுவரில் இருக்கும் தாளைப் பார்த்து வைஃபையில் சேர்ந்த எந்த விருந்தினரும் அடுத்த ஒரு நிமிடத்தில் ரவுட்டரின் முதலாளி ஆகலாம். அப்படி உள்ளே போகிறவர் டிஎன்எஸ் என்ற ஒரு வரியை மாற்றினால், நாம் வங்கியின் பெயரை அடித்தாலும் எந்த எண்ணுள்ள கணினிக்குப் போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பார். முதலில் அதைத்தான் பார்த்தேன். யாரும் கை வைத்திருக்கவில்லை.

சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்தோம். அன்று விருந்தினர் யாருமில்லை. சித்தப்பா போன், சித்தி போன், கம்ப்யூட்டர், டிவி, காப்பி காயவைக்கும் களத்தைப் பார்க்கிற கேமரா, என் போன். ஆறு. பட்டியலில் ஒன்பது. இப்போதைய போன்கள் வைஃபையில் சேரும்போது தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுவதால், பட்டியலை வைத்து மட்டும் யாருடையது என்று சொல்லிவிட முடியாது. சித்தப்பா தலையைச் சொறிந்தார். "மேல் வீட்டுப் பசங்க ஆன்லைன்ல படிக்கணும்னு கேட்டாங்க. குடுத்தேன்." சித்தி உடனே, "அதுங்களத் துண்டிச்சிராத கண்ணு, பரிச்சை வருது" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் கணக்கு வழக்கு இருக்கிற கம்ப்யூட்டரோடு ஒரே அறையில் அவர்கள் உட்கார வேண்டியதில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரே இணைப்புக்கு நான்கு வைஃபை பெயர் வரை வைக்கலாம். மூன்றாகப் பிரித்தேன். ஒன்று குடும்பத்துக்கு. இரண்டாவது விருந்தினருக்கும் மேல் வீட்டுப் பிள்ளைகளுக்கும். மூன்றாவது கேமராவுக்கும் டிவிக்கும். கேமராவை விருந்தினர் பக்கத்திலேயே விட்டிருக்கலாம். ஆனால் விருந்தினர் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றும்போதெல்லாம் ஏணி போட்டு ஏற வேண்டும். அதற்குத்தான் தனிப் பெயர்.

இங்கே இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன், எழுதிவைக்கிறேன். வைஃபையில் இருந்தபடியே வைஃபை பாஸ்வேர்டை மாற்றிச் சேமித்தேன். அடுத்த நொடியே இணைப்பு அறுந்தது. மாற்றம் பாதி சேர்ந்ததா முழுதும் சேர்ந்ததா என்று தெரியாமல் திண்டாடினேன். ரவுட்டர் வேலையை லேன் கேபிள் போட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டில் கேபிள் இல்லாததால், சித்தப்பா பக்கத்துக் கடையில் ஒன்றரை மீட்டர் கேபிள் வாங்கி வந்தார். இரண்டாவது, பாதுகாப்பு வகையை எல்லாப் பெயருக்கும் டபிள்யூபிஏ3 என்று வைத்தேன். 2018-இல் வந்தது, நல்லதுதான். ஆனால் கேமராவும் டிவியும் அதைப் புரிந்துகொள்ளவில்லை. கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுகிற வகை வேறு. ஏணியில் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் போராடிய பிறகு, அந்த மூன்றாவது பெயரை மட்டும் 2.4-இல், டபிள்யூபிஏ2 என்று இறக்கியதும் பச்சை விளக்கு எரிந்தது. வலுவான பாஸ்வேர்டு இருந்தால் டபிள்யூபிஏ2 வீட்டுக்குப் போதும்.

ஒன்றை மட்டும் தொடவில்லை. பின்னால் குண்டூசி நுழைகிற ரீசெட் ஓட்டை. சேலத்தில் ஒரு பக்கத்து வீட்டில் பாஸ்வேர்டு மறந்துபோய் அதை அழுத்திவிட்டார்கள். இணைப்பு கொடுத்த நிறுவனம் போட்டுவைத்த கணக்கு விவரம் எல்லாம் அழிந்து, ஆள் வந்து சரிசெய்யும் வரை மூன்று நாள் இன்டர்நெட் இல்லை.

விருந்தினர் பெயரில் சேர்கிறவர்களை மற்றக் கருவிகளிடமிருந்து பிரித்துவைக்க 'ஐசோலேஷன்' என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அதைத் தேடாமலேயே, என் போனை அந்தப் பெயரில் சேர்த்து 192.168.1.1 அடித்துப் பார்த்தேன். ரவுட்டரின் பக்கம் அழகாகத் திறந்தது. பெயரைத் தனியாக வைத்தால் தனியாகிவிடும் என்று நான் நம்பியது தவறு. அந்தக் கட்டம் வேறு ஒரு பக்கத்துக்குள் ஒளிந்திருந்தது. டிக் செய்து மறுபடி சோதித்தபோதுதான் திறக்கவில்லை. கேமராவின் முகவரியும் எட்டவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ரவுட்டரை மூடாதீர்கள்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். பாஸ்வேர்டு அடிக்காமலேயே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்தேன்: அதில் உள்ள எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி ஏற்கனவே அணைந்துதான் இருந்தது. உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அணைத்தேன். கேமராவின் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றும்போது சித்தப்பா, "களத்துல காப்பிக் கொட்டை காயறதப் பார்த்து எவனுக்கு என்னப்பா லாபம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்துக்காக யாரும் வர மாட்டார்கள், கேமராவுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்காக வருவார்கள். 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே பிடித்தது. அந்த அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி பல தளங்களுக்கு டிஎன்எஸ் சேவை தந்த அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கேமராதான் அங்கே ஆயுதம்.

புதுப் பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது? தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தோம், சொற்களைச் சித்தியே சொன்னார். அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்தார். நோட்டில் எழுதக் கூடாது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நமக்கு ஆபத்து வருவது கம்பி வழியாக. அப்படி வருகிறவர்களால் பீரோவைத் திறக்க முடியாது. மறந்துவிடுவோம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட நோட்டு ஆயிரம் மடங்கு மேல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவின் போன். இங்கேதான் எனக்கு உண்மையாகவே கவலை வந்தது.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்தேன். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், கடைசியாக ஐந்து நாள் முன்பு. சித்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் கிடையாது. "ஜெராக்ஸ் கடையிலப்பா. விருந்தாளிங்க ஆதாரைப் பிரின்ட் எடுக்கறதுக்கு அங்க போட்டேன்." கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருகிறவர் யார்? அதைத் திறந்தால் சித்தப்பா அனுப்புகிற, வாங்குகிற செய்திகள் அங்கே வந்து நிற்கும். நம்பி அறை எடுத்த குடும்பங்களின் ஆதார் படங்கள் உட்பட. லாக் அவுட் செய்தேன். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க டூ-ஸ்டெப் பின் வைத்தேன்.

அப்புறம் கேலரியைத் திறந்தோம். நாலு வருடத்து ஆதார் அட்டைகள், ஓட்டுநர் உரிமங்கள். பிரின்ட் எடுத்தவை ஏற்கனவே கோப்பில் இருந்ததால் போனில் இருந்த படங்களை அழித்தோம், குப்பைத் தொட்டிக் கோப்புறையிலிருந்தும். இனிமேல் வருகிறவர்களிடம் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை அனுப்பச் சொல்லலாம் என்று முடிவானது. அதை ஆதார் தளத்திலேயே அவரவர் இறக்கிக்கொள்ளலாம். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுத்தவங்க பொருள் நம்மகிட்ட இருக்குதுன்னே தோணலப்பா" என்றார்.

டவுன்லோட் கோப்புறையில் இன்னொன்று இருந்தது. 'திருமணப் பத்திரிகை' என்று பெயர், முடிவில் ஏபிகே. உறவுக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. நல்லவேளை, சித்தப்பா இறக்கியிருந்தாரே தவிர இன்ஸ்டால் செய்யவில்லை. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஆப்பாக வராது. ஏபிகே என்பது ஓர் ஆப். போனில் ஏறிவிட்டால் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டு, ஓடிபிகளை வெளியே அனுப்பும், அதே பத்திரிகையை நம் பெயரில் ஊருக்கே அனுப்பும். அழித்தேன். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பக்கத்தில் வாட்ஸ்அப்புக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்தேன். அனுப்பிய உறவினரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் அனுப்பவே இல்லையாம். அவர் போனில் ஏறியிருக்கிறது.

சித்தி ஒரு விஷயம் சொன்னார். போன மாதம் ராணுவ அதிகாரி என்று ஒருவர் பேசி, இரண்டு அறையும் வேண்டும், அட்வான்ஸ் ஐயாயிரம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்றாராம். சிக்னல் போய் பேச்சு அறுந்ததால் தப்பித்திருக்கிறார். யூபிஐ பின் என்பது நம் பணம் வெளியே போவதற்கான கையெழுத்து. பணம் வாங்க அது ஒருபோதும் தேவைப்படாது. இதை மூன்று முறை சொன்னேன், சித்தி நான்காவது முறை எனக்கே திருப்பிச் சொன்னார். தினசரிக் காலண்டரில் 1930 என்று பெரிதாக எழுதினோம். பணம் போய்விட்டால் அந்த எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதைப் பிடித்து நிறுத்த முடியும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

மிச்சம் சின்ன வேலைகள். வங்கித் தளத்தைத் தேடிப் போகாமல் நேராகப் போக புக்மார்க் வைத்தேன். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறவேண்டி இருந்தது, முகவரி அப்படி முடிகிறதா என்று சித்தி பார்த்துக்கொள்வார். கணக்குக் கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன்.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3 என்பதால் விண்டோஸ் 11-க்கு முறைப்படி போக முடியாது, பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு 'என்ரோல்' என்று ஓர் இணைப்பு இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் சேமிக்க ஒத்துக்கொண்டால் பணம் கட்ட வேண்டாம். 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். அதற்குள் வேறு வழி யோசிக்க வேண்டும்.

தைப்பூசத்தன்று மறுபடி போனேன். இரண்டு அறையிலும் ஆள் இருந்தார்கள். சுவரில் தாளுக்குப் பதில் க்யூஆர் ஒட்டியிருந்தது, விருந்தினர் பெயருக்கு மட்டும். ரவுட்டர் பட்டியலில் குடும்பப் பெயரில் மூன்று கருவி, கேமரா பெயரில் இரண்டு, விருந்தினர் பெயரில் பத்து. மேல் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பத்தில் இருந்தார்கள். சித்தப்பா மேப்பிலிருந்த தன் படத்தை எடுத்துவிட்டார். தங்கிப்போன யாரோ ஒருவர் ஏற்றிய படத்தில் பழைய தாள் இன்னும் தெரிகிறது. பாஸ்வேர்டு மாறிவிட்டதால் அதை அப்படியே விட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிடத்துக்குள் எழுகிறது.

ரவுட்டரின் உள் மென்பொருளை மட்டும் மாற்ற முடியவில்லை. அது நிறுவனம் அனுப்பினால்தான் ஏறும். பெட்டியின் மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் எழுதிப் புதுப்பித்துத் தரும்படி கேட்டிருக்கிறோம், புகார் எண் பால் நோட்டில் இருக்கிறது. சித்திரை மாத இடி மழைக்கு முன்னால் இன்னொரு முறை போக வேண்டும். இன்டர்நெட் வருகிற ஃபைபர் இழை வழியாக மின்சாரம் வராது, ஆனால் போன வருடம் அடாப்டர் வழியாக வந்து ஒரு பெட்டியைக் கருக்கிவிட்டது. மின்னல் வெட்டும்போது கையெட்டும் தூரத்தில் பிடுங்கிவிடும்படி அந்தப் பிளக்கை இடம் மாற்றுவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.